"வருத்தம் ஒன்றும் இல்லை" என்பவரிடம் என்ன கேட்பது, எதை எழுதி வைப்பது?

கேள்வி:

கோண்டாவிலில் பெண்களுக்கு மட்டுமான சிறிய மசாஜ் நிலையம் ஒன்றை நடத்துகிறேன். என்னோடு இரண்டு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அண்மையில் 68 வயது அம்மா ஒருவர் கால் உளைவு என்று வந்தார். ஏதும் வருத்தம் இருக்கிறதா என்று கேட்டோம், ஒன்றும் இல்லை என்றார். எண்ணெய் பூசிப் பிடித்துவிட்டு, பாதத்துக்குச் சூட்டு ஒத்தடமும் கொடுத்து அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து லண்டனில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அம்மாவின் குதிக்கால் பக்கம் பெரிய கொப்புளம். அம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தமாம். எவ்வளவு சூடு வைத்தீர்கள், யார் செய்தது, என்ன எண்ணெய் என்று மகள் கேட்கிறார். என்னிடம் இருப்பது பெயர், போன் நம்பர், வாங்கிய காசு எழுதிய கொப்பி மட்டும்தான். இனியாவது ஒழுங்காக எழுதி வைக்க நினைக்கிறேன். ஆனால் நிறையக் கேட்டால் ஆட்களுக்குப் பிடிப்பதில்லை, "பொலிசிலை மாதிரி விசாரிக்கிறியள்" என்கிறார்கள். எதைக் கேட்பது, எதை எழுதுவது, எழுதியதை யாருக்குக் காட்டலாம்? கனடாவிலிருந்து வருகிறவர்கள் இன்சூரன்சுக்கு ரிசீட் கேட்கிறார்கள். அதையும் எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்பின் தங்கச்சிக்கு,

முதலில் அந்த அம்மாவின் கால். கொப்பியைப் பற்றி அப்புறம் கதைப்போம்.

சீனி வருத்தம் உள்ளவரின் பாதத்தில் கொப்புளம் வந்தால் அதைச் சும்மா விடக் கூடாது. இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் குறைந்த பாதத்தில் புண் ஆற நாளெடுக்கும். நோ தெரியாதபடியால் கிருமி பிடித்தாலும் அவருக்கே தெரியாமல் போகும். அவர் இன்னும் டொக்டரிடம் காட்டவில்லை என்றால் இன்றைக்கே காட்டச் சொல்லுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம், அதன்மேல் எண்ணெயோ மஞ்சளோ பூச வேண்டாம், சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு போகட்டும். சுற்றிவரச் சிவந்து வீங்கியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகன வசதி இல்லாவிட்டால் 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசு இல்லை.

பிறகு நீங்களே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். மகளுக்குப் பதில் எழுதுவது அதற்குப் பிறகுதான், ஏனென்றால் உங்களிடம் வந்தவர் அம்மா. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: சீனி வருத்தம் இருப்பது தெரியாமல் சூடு வைத்தோம், பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துப் பார்க்கவில்லை, சூட்டை அளந்து குறிக்கவும் இல்லை, இது எங்கள் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள். மருந்துச் செலவை ஏற்பதாக இருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவர் சம்மதித்தால், மகளுக்கும் அதையே சொல்லலாம். எழுத்தில் நீட்டி விளக்காமல் போன் எடுத்துக் கதையுங்கள். கோபத்தில் இருக்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிற ஒவ்வொரு வரியும் வேறு அர்த்தத்தில் போய்ச் சேரும்.

அன்றைக்குரிய பதிவை இப்போது எழுதி வைக்கலாமா என்று உங்களுக்கு ஒரு யோசனை ஓடும். தாராளமாக எழுதுங்கள், ஆனால் இன்றைய திகதியைப் போட்டு, "நடந்தது இன்ன நாள், நினைவிலிருந்து இன்று எழுதுகிறேன்" என்று மேலே குறித்துவிட்டு எழுதுங்கள். ஒத்தடம் கொடுத்த பிள்ளையிடமும் தனியாகக் கேட்டு, அவர் சொன்னதை அவர் பெயரில் எழுதுங்கள். சூடு எவ்வளவு என்று தெரியாவிட்டால் "அளக்கவில்லை" என்றே எழுத வேண்டும். அன்றைக்கே எழுதியது போலத் திகதியை மாற்றிப் போட்டால் பிழை பொய்யாகிவிடும். அதன்பிறகு உங்கள் கொப்பியில் இருக்கும் உண்மையான பக்கங்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சரி, இனிக் கேள்வி கேட்கும் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

அந்த அம்மா உங்களிடம் எதையும் ஒளிக்கவில்லை. குளிசை போட்டு, சீனி அளவோடு இருந்தால், எங்கள் ஆட்களின் கணக்கில் அது வருத்தத்தில் சேர்த்தியில்லை. பிரசரும் அப்படித்தான். "வருத்தம் ஏதும் இருக்கா" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் வருத்தத்தைக் கேட்காமல் குளிசையைக் கேளுங்கள். "அம்மா, காலமை என்ன குளிசை போடுறனீங்கள்? இரவிலை என்ன? ஊசி ஏதும் போடுறனீங்களோ?" என்று கேட்டால் பதில் தானாக வரும். நேரம் குறிக்கப் போன் எடுக்கும்போதே "கிளினிக் கொப்பியையும் குளிசைச் சரையையும் கொண்டு வாங்கோ" என்று சொல்லி வையுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிற எல்லோர் கையிலும் அந்தக் கொப்பி இருக்கும். நீங்கள் பத்துக் கேள்வி கேட்டு அறிவதை அதில் ஒரு பக்கத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்தது, காரணத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைப் பிறகு கேளுங்கள். "இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுறவைக்கு அழுத்திப் பிடிச்சால் தோல் கண்டிப்போகும் அம்மா, அதுக்காகத்தான் கேக்கிறன், நீங்களும் போடுறனீங்களோ?" இப்படிக் கேட்டால் யாரும் பொலிஸ் விசாரணை என்று நினைக்கமாட்டார்கள். வார்பரின், குளோபிடோகிரல், அஸ்பிரின் என்ற பெயர்களை உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கி வையுங்கள். பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும். விசாரணை போலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் நாங்கள் கேட்கிற விதம்தான் காரணம். வாசலில், வேறு ஆட்கள் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க, தலையைக் குனிந்து படிவத்தைப் பார்த்தபடி ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். உள்ளே கூப்பிட்டு, அவருக்குப் பக்கத்தில் நீங்களும் இருந்து, அவர் உடுப்பு மாற்றுவதற்கு முன்னர் கேளுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்த பிறகு கேட்கிற கேள்விக்கு ஒழுங்கான பதில் வராது. அந்த நிலையில் "வேண்டாம்" என்று சொல்லவும் ஆட்கள் கூச்சப்படுவார்கள்.

சீனி இருக்கிறது என்று தெரிந்தால் பாதத்தைத் தொட்டுச் சோதியுங்கள். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. இங்கிலாந்தில் இப்சுவிச் நகரத்து வைத்தியர்கள் உருவாக்கிய ஒரு எளிய முறை இருக்கிறது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் மெல்ல, ஒன்று இரண்டு செக்கன் தொட வேண்டும். அழுத்தவோ தடவவோ தட்டவோ கூடாது. தொடுவது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்லச் சொல்லுங்கள். மொத்தம் 6 இடம். அதில் 2 அல்லது அதற்கு மேல் தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்தப் பாதங்களுக்குச் சூடு வைப்பதை விட்டுவிட வேண்டும். கிளினிக்கில் காட்டச் சொல்லியும் அனுப்புங்கள். உணர்ச்சி சரியாக இருக்கிறவருக்குக்கூட ஒத்தடத்தின் சூட்டை உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே வையுங்கள். நாள் முழுக்கச் சூட்டெண்ணெயில் வேலை செய்கிற உள்ளங்கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. "சூடு காணுமோ அம்மா" என்று அவரிடம் கேட்டுச் சூட்டைக் கூட்டுகிற பழக்கம் சீனி வருத்தக்காரருக்குச் சரிவராது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் உங்களிடம் கூட்டம் கூடும் என்று நினைக்கிறேன். கனடா, லண்டன், பாரிஸ் என்று நீண்ட நேரம் பிளேனில் இருந்து வந்து, அடுத்த நாளே "கால் வீங்கிப் போச்சு, கொஞ்சம் பிடிச்சு விடுங்கோ" என்று வருவார்கள். இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கியிருப்பது பெரும்பாலும் நீண்ட நேரம் இருந்து வந்ததால் வருவது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை நொந்து, தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாகத் தெரிந்தால் கையே வைக்காதீர்கள். உள்ளே நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். பிடித்துவிட்டால் அந்தக் கட்டி அசைந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கக்கூடும். அவரை யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டு, "இடது கால் மட்டும் வீக்கம், பிளேனில் வந்து 2 நாள், மசாஜ் செய்யவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம்" என்று எழுதி நேரத்தையும் போடுங்கள். செய்யாமல் விட்டதையும் இப்படி எழுதி வைக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி, எங்கள் ஊருக்கே உரிய ஒன்று. உங்களிடம் வருகிற 40, 50 வயதுப் பெண்களில் உடம்பில் யுத்த காலத்துச் செல் (எறிகணை) துண்டோ துப்பாக்கிச் சன்னமோ வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் இருப்பார்கள். எடுத்தால் ஆபத்து என்று டொக்டர்மார் அப்படியே விட்ட துண்டுகள். அழுத்தினால் நோகும், நரம்புக்குப் பக்கத்தில் இருந்தால் விறைக்கும். இதைக் கேட்காமல் ஒருவரின் முதுகில் முழங்கையை வைக்கக் கூடாது. எல்லோரிடமும் ஒரே மாதிரி, சாதாரணமாகக் கேளுங்கள்: "உடம்பிலை பழைய காயம், கம்பி, பிளேட், துண்டு ஏதும் இருக்குதோ? அந்த இடத்தை விட்டிட்டுச் செய்யிறதுக்குத்தான்." அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கே பட்டது, எப்போது பட்டது, யாரோடு இருந்தபோது பட்டது என்று கேட்க எங்களுக்கு உரிமையில்லை. அவராகச் சொன்னால் கேளுங்கள், இடைமறிக்காமல், அறிவுரை சொல்லாமல். ஆனால் அதை எழுத வேண்டாம். கொப்பியில் வர வேண்டியது "வலது தொடையின் பின்பக்கம், முழங்காலுக்கு மேல் ஒரு சாண், உள்ளே உலோகத் துண்டு, அழுத்தக் கூடாது" என்ற அளவுதான். அவருடைய கதை அவரிடமே இருக்கட்டும்.

ஆனால் அந்தக் கதையின் காரணமாக அவர் கேட்கிற சில விஷயங்களைக் கட்டாயம் எழுதுங்கள். கதவைச் சாத்தினால் பதற்றமாக இருக்கும், குப்புறப் படுக்க மாட்டேன், சொல்லாமல் பின்னால் வந்து தொட வேண்டாம், கழுத்தில் கை வைக்க வேண்டாம். எங்கள் நிலையத்தில் இப்படியான குறிப்புகளை ஒவ்வொருவருடைய தாளிலும் மேலே, பெயருக்குக் கீழேயே சிவப்புப் பேனையால் எழுதுவோம். அடுத்த முறை வேறு பிள்ளை வேலைக்கு நின்றாலும் அவர் திரும்ப முதலில் இருந்து சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை சொன்னதை நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவர்களின் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பதிவு எழுதுவதில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். முறைப்பாடு வந்தால் காட்டுவதற்கு உதவும் என்பது அதற்குப் பிறகுதான்.

எப்படி எழுதுவது? 1960களில் லோரன்ஸ் வீட் என்ற அமெரிக்க வைத்தியர் நோயாளர் பதிவை ஒழுங்குபடுத்த ஒரு முறையைக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க வைத்தியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் அதைத்தான் ஏதோ ஒரு வடிவத்தில் பின்பற்றுகிறார்கள். வந்தவர் சொன்னது, நாங்கள் கண்டது, எங்கள் கணிப்பு, இனிச் செய்யப்போவது என்று நாலு பகுதி. உங்களுக்கு நான் இதில் ஒன்றைக் கூட்டச் சொல்வேன்: செய்தது. ஒருவருக்கு ஒரு முறைக்கு ஏழெட்டு வரி போதும். மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

"காலை 10.15. சொன்னது: 'குனிஞ்சு எழும்பேக்கை நாரி இடப்பக்கம் பிடிக்குது, ரண்டு கிழமையா.' நோ 10க்கு 6. காலுக்கு இறங்கவில்லை, விறைப்பு இல்லை, சலம் போவதில் மாற்றம் இல்லை. பிரசருக்குக் குளிசை, காலையில் ஒன்று. கண்டது: இடது நாரித் தசை இறுக்கம், குனியும்போது கைவிரல் முழங்கால் மட்டும்தான் போகிறது. கணிப்பு: தசைப்பிடிப்பாகத் தெரிகிறது. செய்தது: நல்லெண்ணெய், 40 நிமிடம், நாரியில் அழுத்தல், பிடித்தல். இடது பிட்டத்தில் துணிக்கு மேலால், கேட்டுச் சம்மதித்த பிறகு. முடிவில் நோ 4. எழும்பும்போது தலைசுற்று இல்லை. இனி: ஒரு கிழமையில் வரச் சொன்னது. காலில் விறைப்பு வந்தால், சலம் போவது கஷ்டமானால் உடனே ஆஸ்பத்திரி என்று சொன்னது." இதன்கீழ் திகதி, செய்த பிள்ளையின் கையொப்பம்.

அவர் சொன்னதை அவருடைய வாயால் வந்தபடியே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "இடுப்பு வலி" என்று நாங்கள் சுருக்கி எழுதிவிட்டால், அடுத்த முறை அது குனியும்போதா, படுக்கும்போதா, நடக்கும்போதா என்று தெரியாது. எழுதி முடித்ததும் அந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "சரியோ அம்மா, இப்பிடித்தானே சொன்னனீங்கள்?" அப்போதுதான், "ஓம், ஒன்று சொல்ல மறந்து போனன் பிள்ளை" என்று முக்கியமான விஷயம் வெளியே வரும். சத்திரசிகிச்சை செய்தது, போன வருடம் விழுந்தது, மருமகள் பிள்ளைத்தாச்சியாக இருக்கிறபோது இங்கே கூட்டிவரலாமா என்பது, எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். நான் வேலை பழக்குகிற பிள்ளைகளிடம் வேறு எதையும் விட்டாலும் இந்த வாசித்துக் காட்டுவதை விடாதேங்கோ என்றுதான் சொல்வேன்.

எழுதுவதில் தடுமாறுகிற பிள்ளைக்குப் படம் உதவும். மனித உருவத்தின் கோட்டுப்படம், முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று, ஒரே தாளில் போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள். நோகிற இடத்துக்கு வட்டம், தொடக் கூடாத இடத்துக்குப் புள்ளடி, விறைக்கிற இடத்துக்குக் கோடு. வந்தவரிடமே பேனையைக் கொடுத்தால் இன்னும் நல்லது, பலர் விருப்பமாகக் கீறுவார்கள். செய்த முறையை எழுதுவதற்குச் சொற்கள் எங்களிடமே இருக்கின்றன. சித்த மருத்துவத்தில் தொக்கணத்தை, அதாவது உடம்பு பிடித்துவிடும் முறையை, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள். "மசாஜ் செய்தது" என்று பொதுவாக எழுதுவதைவிட இந்தச் சொற்களில் இரண்டை எழுதினால், அடுத்த முறை எது உதவியது, எது நோகப் பண்ணியது என்று பார்க்கலாம். இந்தச் சொற்களைப் பயன்படுத்துவதால் நாங்கள் சித்த வைத்தியர்கள் ஆகிவிடமாட்டோம், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். வைத்தியம் வேண்டி வருகிறவரைக் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்கோ பதிவு பெற்ற வைத்தியர் ஒருவரிடமோ அனுப்பிவிட வேண்டும்.

அதனால் நோயின் பெயரை நாங்களாக எழுதக் கூடாது. "டிஸ்க் விலகல்" என்று எழுத எங்களுக்கு ஸ்கானும் இல்லை, தகுதியும் இல்லை. "டிஸ்க் விலகியிருக்கு என்று டொக்டர் சொன்னவராம்" என்று எழுதலாம். ஆளைப் பற்றிய அபிப்பிராயமும் வேண்டாம். "சும்மா முறைப்பாடு சொல்கிற மனிசி" என்று எழுதிய பக்கத்தை ஒருநாள் அந்த மனிசியே கேட்டு வாங்கி வாசிக்கலாம். வாசித்தால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எழுதும்போதே யோசியுங்கள். பென்சிலில் எழுத வேண்டாம். பிழை வந்தால் வெள்ளை மை பூசாமல் ஒற்றைக் கோட்டால் வெட்டிப் பக்கத்தில் கையொப்பமும் திகதியும் போடுங்கள். வெட்டியது என்ன என்று வாசிக்கத் தெரிய வேண்டும். அடுத்தவர் வருவதற்கு முன் எழுதி முடித்துவிடுங்கள். பின்னேரம் கடை பூட்டும்போது ஐந்து பேருடைய நாரியும் நினைவில் ஒன்றாகக் கலந்துவிடும்.

சம்மதத்தைப் பற்றி ஒரு சொல். முதல் நாள் ஒரு கையொப்பம் வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கையொப்பம் வேண்டும்தான், ஆனால் ஒவ்வொரு முறையும், எந்த இடத்தில் கை வைக்கப்போகிறீர்கள், எந்த இடத்துத் துணி விலகும் என்று சொல்லி, "சரியோ" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் தொட வேண்டும். நெஞ்சு, பிட்டம், உள்தொடை என்றால் கேட்டதையும் சம்மதித்ததையும் தனியாகக் குறிக்க வேண்டும். இடையில் போதும் என்றால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அதையும் எழுதுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் தாய் அறைக்குள்ளேயே இருக்கட்டும். மசாஜ் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிற ஊர் இது. போனில் நேரம் குறிக்கும்போதே யார் செய்வார், எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, என்ன உடுப்போடு இருப்பீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், வருகிறவருக்கும் அவரை அனுப்புகிற வீட்டாருக்கும் மனம் ஆறும்.

எழுதியதை யாருக்குக் காட்டலாம் என்று கேட்டீர்கள். அது யாரைப் பற்றியதோ அவருக்கு. வேறு யாருக்கும், அவர் சம்மதம் இல்லாமல் இல்லை. லண்டனில் இருந்து காசு அனுப்புகிற மகளுக்கும் இல்லை. இது எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் கடுமையாகத் தெரியும், "நான் மகள்தானே" என்று கோபிப்பார்கள். ஆனால் தனக்கு வருத்தம் கூடியிருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைக்கிற தாய்மார் எத்தனை பேர் இங்கே! சொல்வதா வேண்டாமா என்பது அந்தத் தாயின் விருப்பம். முதல் நாளே "உங்களைப் பற்றி நாங்கள் ஆரோடை கதைக்கலாம்?" என்று கேட்டு ஒரு பெயரையும் நம்பரையும் வாங்கி வையுங்கள். ஒருவரும் வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் நம்பர் வேறு, இது வேறு. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய வகையில்தான் வைத்திருக்கிறது.

எங்கள் ஊரில் இரகசியம் பெரும்பாலும் வாயால்தான் போகிறது. "உங்கடை மாமியும் போன கிழமை வந்தவா" என்று உங்கள் பிள்ளை நல்ல எண்ணத்தோடு சொல்வார். மாமி ஏன் வந்தார் என்ற கேள்வி அன்று பின்னேரமே வீட்டில் எழும்பும். வந்தார் என்பதே வெளியே போகக் கூடாத தகவல் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கொப்பியைப் பொறுத்தவரை, எல்லோரையும் ஒரே சி.ஆர். கொப்பியில் வரிசையாக எழுத வேண்டாம். ஒருவர் தன் பக்கத்தைப் பார்க்கக் கேட்டால் முன்னும் பின்னும் மற்றவர்களுடையதும் தெரிந்துவிடும். ஆளுக்கு ஒரு கோவை, மேலே ஒரு இலக்கம், பெயரும் இலக்கமும் வேறொரு சின்னக் கொப்பியில், இரண்டும் பூட்டுப் போட்ட அலுமாரியில். திறப்பு உங்களிடம் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் நேரம் குறிப்பதோடு நிற்கட்டும். காலின் படம், ஸ்கான் றிப்போட் எல்லாம் ஆட்கள் அனுப்பத்தான் செய்வார்கள். உங்கள் போனில் வருகிற படங்கள் தானாகக் கலரியில் சேமிக்கப்படுவதை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மகன் விளையாடப் போனை எடுக்கும்போது அதையும் பார்ப்பான். நிலையத்துக்கென்று தனி நம்பரும் தனிப் போனும் இருந்தால் மிகவும் நல்லது. இரவு 11 மணிக்கு "நாரி நோகுது, என்ன குளிசை போடலாம்" என்று மெசேஜ் வந்தால் குளிசையின் பெயர் எதுவும் எழுதாதீர்கள், பெனடோல்கூட. டொக்டரைக் கேட்கச் சொல்லுங்கள், அடுத்த நாள் அதைக் கோவையில் ஒரு வரி எழுதுங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மசாஜ் தெரப்பிஸ்டுகள், ஒருவர் கடைசியாக வந்த நாளிலிருந்து 10 ஆண்டு பதிவை வைத்திருக்க வேண்டும். சிறு பிள்ளை என்றால் 18 வயது ஆனதிலிருந்து 10 ஆண்டு. அதையே நீங்களும் கடைப்பிடிக்கலாம் என்பது என் எண்ணம். காலம் முடிந்ததும் எரித்துவிடுங்கள். பழைய பேப்பரோடு நிறுத்துப் போட்டுவிட்டால், ஒருவருடைய நாரி நோவும் கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சையும் கடலைச் சரையாகச் சந்தைக்கு வந்துவிடும்.

கடைசியாக ரிசீட். ஒன்ராறியோவில் மசாஜ் தெரப்பி 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற தொழில். அங்கே இன்சூரன்ஸ் கொம்பனிகள் பொதுவாக அப்படிப் பதிவு பெற்றவரின் இலக்கத்தோடு வருகிற ரிசீட்டுக்குத்தான் காசு கொடுக்கும். அந்த இலக்கம் உங்களிடம் இல்லை. உங்கள் ரிசீட்டுக்குக் காசு கிடைக்குமா என்பதை அவர்தான் தன் கொம்பனியிடம் கேட்டு அறிய வேண்டும், நீங்கள் உறுதி கொடுக்காதீர்கள். ரிசீட்டில் வந்தவரின் பெயர், வந்த திகதி, செய்தது, எவ்வளவு நேரம், ரூபாயில் வாங்கிய தொகை, உங்கள் பெயரும் உண்மையான தகைமையும் வரட்டும். கொப்பியில் உள்ள திகதியும் தொகையும் ரிசீட்டில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். "ஒருக்காத்தான் வந்தனான், மூண்டு தரம் எண்டு போட்டுத் தாங்கோ", "மனிசிக்குச் செய்ததை என்ரை பேரிலை எழுதுங்கோ" என்று கேட்கிறவர்கள் வருவார்கள். "அப்பிடி எழுதினால் உங்களுக்கும் பிரச்சினை அண்ணா, எனக்கும் பிரச்சினை, வந்ததுக்கு மட்டும் எழுதித் தாறன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லி, வந்ததற்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.